அஜிதாவுக்கு அனுப்பிய பாக்கெட்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் உங்களிடம் ஒரு தாளை நீட்டியிருப்பார்கள். இங்கே வருகிறவர்களின் நோயைப் பற்றி வெளியே பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். அரை நிமிட வேலை. அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று கற்றுக்கொள்ள என் பணிக்காலம் முழுவதும் போதவில்லை. புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் இன்று என்னைப் பேசக் கூப்பிட்டபோது நான் நன்றாகச் செய்ததைச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் பிரிவுபசார விழாவிலேயே மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்களுக்கு உதவக்கூடியது நான் கோட்டைவிட்ட இடங்கள்தான்.

எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் மையத்தில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. ஒற்றசேகரமங்கலம் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாதாமாதம் வருவான். பள்ளியில் விடுப்புக் கேட்டால் அடிக்கிறார்கள் என்று ஒருநாள் அழுதான். எனக்குப் பொறுக்கவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர். கண் கலங்கினார். "இனி அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்துக்கொள்வதற்காகவே மற்ற ஆசிரியர்களிடமும் சொன்னார். இரண்டு வாரத்தில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் அவனை நீக்கச் சொல்லிப் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். பையனின் குடும்பம் மாநில எல்லை தாண்டி எங்கோ போய்விட்டது. பழைய எண்ணில் யாரும் எடுக்கவில்லை. அவன் மருந்து வாங்க மறுபடி வரவே இல்லை.

அதிலிருந்து நான் ஒரு பாடம் படித்துக்கொண்டேன்: என்ன ஆனாலும் வாயைத் திறக்காதே. அது பாதிப் பாடம்தான் என்று கொரோனா காலத்தில்தான் தெரிந்தது.

அஜிதாவுக்கு அப்போது பதினேழு வயது. அது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்த நோய். தாயும் தகப்பனும் அவளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்விட்டார்கள். அம்மாவின் அண்ணன் அமரவிளையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறவர். அவர்தான் வளர்த்தார். பள்ளி விடுதியில் தங்கிப் படித்தாள். விடுமுறைக்கு மட்டும் மாமன் வீடு. மாமனுக்கு எல்லாம் தெரியும். மாமிக்கு எதுவும் தெரியாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான்.

ஊரடங்கு வந்ததும் விடுதியை மூடினார்கள். அஜிதா பெட்டியோடு மாமன் வீட்டுக்கு வந்தாள். இரண்டு அறை வீடு. மாமியும் அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும் இவளும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். மருந்தை எங்கே வைப்பது? மாமன்தான் வழி கண்டுபிடித்தார். சாலையோரம் அவருக்கு ஒரு ஷெட் உண்டு. மருந்து டப்பாக்களை அங்கே ஓலைப்பெட்டிக்குள் வைத்து ஷெட்டைப் பூட்டினார். தினமும் காலை எட்டு மணிக்கு அஜிதா அவருக்குச் சாயா கொண்டு போவாள். அங்கேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலித் தம்ளரோடு திரும்புவாள். மாதக்கணக்கில் இப்படி நடந்தது. "மருமக எவ்வளவு பொறுப்பாட்டு சாயா கொண்டு போறா பாத்தியளா" என்று மாமி அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாளாம்.

முந்தைய வருடம் அவள் ஒழுங்காக மாத்திரை போடாமல் ரத்தத்தில் வைரஸ் ஏறியிருந்தது. எத்தனையோ முறை உட்காரவைத்துப் பேசி, அந்த வருட ஆரம்பத்தில்தான் இறங்கியிருந்தது. இன்னொரு முறை விட்டால் மருந்து பிடிக்காமல் போகலாம். மாற்றிக் கொடுக்க எங்கள் கையில் அதிக மருந்து இல்லை. அவளுக்கும் அது தெரியும்.

பூவார் பக்கத்துக் கடற்கரையெல்லாம் அடைத்துப் போட்டிருந்த நாட்கள். சந்தைக்குப் போய்வந்த மாமனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு சாயங்காலம் மூச்சு வாங்கியது. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். ஷெட்டின் சாவி அவருடைய இடுப்பிலேயே போய்விட்டது. மறுநாள் வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்தார்கள். மாமி, இரண்டு பிள்ளைகள், அஜிதா, நான்கு பேருக்கும் கொரோனா. ஒரே ஆம்புலன்ஸில் ஏற்றி, சிகிச்சை மையமாக மாற்றியிருந்த ஒரு கல்லூரி அரங்கில் கொண்டுபோய் விட்டார்கள். பெண்களுக்கு ஒரு கூடம். வரிசையாகக் கட்டில்கள்.

அன்று மதியம் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி வந்தது. ஆன்லைன் வகுப்புக்காக மாமன் வாங்கிக் கொடுத்த போன் அவளிடம் இருந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "சிஸ்டரே, மாத்திர ஷெட்டில ஆக்கும். சாவி மாமனுக்க கையில. இன்னைக்கு போடல்ல. எந்து செய்யும் சிஸ்டரே?"

மாத்திரை ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் அலமாரியில் இருந்தது. அவளிடம் எப்படிச் சேர்ப்பது என்பதுதான் பிரச்சினை. அந்தக் கூடத்துக்கு வெளியாள் யாரும் போக முடியாது. வீட்டிலிருந்து வரும் பொருள்களைக் காலை பதினொரு மணிக்கு வாசலில் வாங்கிப் பிரித்துப் பார்ப்பார்கள். பிறகு ஒலிபெருக்கியில் ஊரையும் பெயரையும் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

மறுநாள் காலை அவளை அழைத்தேன். கழிப்பறைக்குப் போவதுபோல வெளியே வந்து பேசினாள்.

"மக்கா, அங்க இருக்க டாக்டரிட்ட நான் பேசட்டா? அவர் ஒருத்தருக்குத் தெரிஞ்சா போதும். எல்லாம் நடக்கும்."

"வேண்டாம் சிஸ்டரே. இஞ்ச டாக்டர் எழுதுனா அது ரிஜிஸ்டரில வரும். ரிஜிஸ்டர் எழுதுத சிஸ்டர் எங்களுக்க பக்கத்து வீடாக்கும்."

"நான் எழுதாண்டாம்னு சொல்லுவேன்."

"நீங்க சொன்னா எனக்கு அந்த மாத்திரயே வேண்டாம். சத்தியமாட்டு தின்ன மாட்டேன்." அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பதின்மூன்று வயதில் அவளுடைய நோயை அவளுக்கு முதன்முதலில் சொன்னது நான்தான். 'நீ சம்மதிக்காமல் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த எட்டாம் வகுப்புப் பையனும் நினைவுக்கு வந்தான். சரி என்று போனை வைத்தேன்.

எங்கள் டாக்டரம்மா சுருக்கமாகப் பேசுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இரண்டு நாள் போயாச்சு. நாளைக்குள் மருந்து உள்ளே போகணும். எப்படி அனுப்பப் போறீங்க?" என்றார்.

"வழி பண்றேன் டாக்டர்."

"அவளிடம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

அது பொய் இல்லை. டாக்டரிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டிருந்தேன். எப்படி அனுப்புவது என்று கேட்கவில்லை. அது என் சாமர்த்தியம் என்று நினைத்தேன்.

மறுநாள் பாறசாலையில் ஒரு மருந்துக் கடையில் பெரிய நாப்கின் பாக்கெட் ஒன்று வாங்கினேன். அடிப்பக்கத்தை பிளேடால் மெதுவாகக் கீறினேன். மாத்திரை டப்பாவின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு நடுவில் செருகினேன். மறுபடி ஒட்டினேன். எந்த ஆண் இதைத் திறந்து பார்ப்பான்? நினைத்தபடியே நடந்தது. வாசலில் இருந்த போலீஸ்காரர் எனக்கு முன்னால் நின்றவரின் பலகாரப் பொட்டலத்தை அவிழ்த்துக் கையை விட்டுத் துழாவினார். என் பாக்கெட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பேரு எழுதி வச்சிட்டுப் போங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. முகக்கவசம் மறைத்தது.

பேருந்து நிறுத்தத்தில் நின்று அஜிதாவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். 'உனக்கு ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கிறேன். நீ மட்டும் திற.'

இந்த வாக்கியத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அந்த நேரத்தில் அவளுடைய போன் மாமியின் கையில் இருந்தது. மாமியின் போனில் சார்ஜ் இல்லை. கணவனின் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்க அஜிதாவின் போனை வாங்கியிருந்தாள். அஜிதா பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூட்டிப்போயிருந்தாள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டதும் மாமியே போய் வாங்கினாள். இரண்டு கட்டில் தள்ளி ஒரு பெண், "அக்கா, ஒண்ணு தருவியளா? ரெண்டு நாளாட்டு கஷ்டப்படுதேன்" என்று கேட்டாளாம். மாமி தாராள மனசுக்காரி. அங்கேயே பிரித்தாள். டப்பா தரையில் விழுந்து உருண்டது.

என் போன் அடித்தபோது நான் நெய்யாற்றின்கரைப் பேருந்தில் இருந்தேன். அஜிதாவின் எண். ஆனால் குரல் வேறு.

"நீங்க ஆராக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் அடுத்தது வந்தது. "இந்தப் பிள்ளைக்கு எதுக்க மருந்து குடுத்து விட்டிருக்கிய? லேபிளும் கிழிச்சிட்டு? நீ மட்டும் திறன்னு எழுதியிருக்கியளே, எனக்கு வாசிக்கத் தெரியும். இது கலைக்கியதுக்க மாத்திரதானே?"

பதினேழு வயதுப் பெண்ணுக்கு நாப்கின் பாக்கெட்டில் ஒளித்து ஒரு மாத்திரை வந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? நான் அதை யோசிக்கவே இல்லை. பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. அஜிதா திரும்பி வந்துவிட்டாள் போலிருக்கிறது. மாமி போனைக் காதில் வைத்தபடியே அவளைப் பார்த்துக் கத்தினாள். "எவன்டீ அவன்? சொல்லு. உனக்க மாமன் அங்க மூச்சுக்குக் கிடந்து தவிக்காரு. நீ இஞ்ச என்ன வேல பாத்துட்டு வந்திருக்க?"

"அம்மா, அது இல்ல. சத்தியமாட்டு அது இல்ல" என்றேன்.

"பின்ன என்னதாக்கும்? சொல்லுங்க."

பேருந்தில் பத்துப் பேர் இருந்தார்கள். என் நாக்கில் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. ரத்தக் குறைவு. தைராய்டு. வலிப்பு. எதைச் சொன்னாலும் அந்த நிமிடம் கடந்துவிடும். ஆனால் என்னுடைய அடுத்த பொய்யையும் சுமந்துகொண்டு அந்தக் கூடத்தில் கிடக்கப் போவது அஜிதாதான். உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சும்மா இருந்தால் மாமி நினைத்ததே உண்மையாகிவிடும்.

"போனை அவகிட்ட குடுங்க. அவ சம்மதிச்சா மட்டும்தான் நான் சொல்ல முடியும்" என்றேன்.

போன் கைமாறியது. பிறகு ஒரு மூச்சு. அஜிதாவுடையது என்று தெரிந்தது.

"மக்கா, நான் என்ன சொல்லட்டும்?"

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் சிஸ்டரே. நான் சொல்லுதேன்."

அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மாமியும் அவளும் நடக்கும் சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழும் சத்தம். யாரும் கேட்காமலிருக்க அவளே குழாயைத் திறந்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

"மாமி, எனக்கு ஒரு பயலும் இல்ல. எங்க அம்மை மஞ்சக்காமாலையில சாகல்ல. எய்ட்ஸ் வந்தாக்கும் செத்தா. எனக்கும் அந்தக் கிருமி உண்டு. பிறந்தப்பமே உண்டு. மாத்திர தின்னா ஒண்ணும் செய்யாது. மூணு நாளாட்டு தின்னல்ல."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பக்கெட் நிறைந்து வழிவதுகூட எனக்குக் கேட்டது. பிறகு மாமியின் குரல். கத்தல் இல்லை. கேட்கவே முடியாத அளவுக்குச் சின்னக் குரல்.

"எனக்க பிள்ளியளுக்க கூட ஒரே பாயில கெடந்தியே."

அத்துடன் போன் நின்றுவிட்டது.

நான் திருப்பி அழைத்தேன். அணைத்து வைத்திருந்தார்கள். சாயங்காலம் வரை அழைத்தேன். அன்று மருந்து எடுத்தாளா, டப்பா குப்பைக்குப் போனதா, அவளை வேறு கட்டிலுக்குத் துரத்தினார்களா, எதுவும் தெரியாது. கூடத்தில் இருக்கும் டாக்டரை அழைக்கலாமா என்று இரண்டு முறை எண்ணைப் போட்டு வெட்டினேன். டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நாளைக்குக் காலை ஒன்பது மணி வரை பார்ப்போம். அதற்குள் அவளோ வீட்டுக்காரர்களோ பேசவில்லை என்றால் அங்குள்ள டாக்டரை நானே கூப்பிடுவேன். அவள் கோபித்துக்கொள்ளட்டும். உயிரோடு இருந்து கோபிக்கட்டும்" என்றார். அந்த இரவு நான் தூங்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

காலை எட்டே காலுக்கு அழைப்பு வந்தது. மாமிதான். வணக்கமில்லை, முகவுரையில்லை.

"அவளுக்க எச்சிச் சோறு எனக்க சின்னவன் தின்னிருக்கான். அவனுக்கு வருமா?"

"வராதும்மா."

"தல துவட்டுதது ஒரே தோர்த்து. ஒரே சோப்பு."

"வராது."

"கொசு கடிச்சா?"

"வராது."

"கேக்கதுக்கெல்லாம் வராது வராதுன்னு சொல்லுதியளே. உங்களுக்க பிள்ளைய அவ கூட ஒரே பாயில கெடத்துவியளா?"

"என் மகளும் அவளும் ஒரே தட்டில் கேக் தின்னிருக்காங்க. எங்க மையத்தில் பிள்ளைகளுக்கு விழா வச்சப்போ. நான்தான் வெட்டிக் குடுத்தேன். வேணும்னா உங்க பிள்ளைகளுக்கு ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். உங்க மனசுக்காக."

அடுத்து அவள் கேட்டதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை.

"அவருக்குத் தெரியும் இல்லியா?"

நான் பதில் சொல்லவில்லை.

"தெரியும். அதுதான் சாயா, சாயான்னு தெனமும் காலத்த எட்டு மணிக்கு. எனக்க கூட இத்தன வருஷம் கெடந்த மனுஷன். எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல. இப்பம் அவரு மூக்கில குழாய வச்சிட்டுக் கெடக்காரு. நான் ஆரிட்ட போய் சண்ட போட?" அப்போதுதான் அவள் அழுதாள். அஜிதாவின் நோய்க்காக அழவில்லை. அது அவளுக்கும் கணவனுக்கும் இடையிலானது; நான் நுழையவில்லை. அழட்டும் என்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "எட்டு மணிக்குத் தின்னா. நான் பாத்துட்டு நின்னேன்" என்றாள். "டப்பாவ நான்தான் வச்சிருக்கேன். பக்கத்துக் கட்டிலுகாரிகிட்ட ரத்தக்குறவுக்க மருந்துன்னு சொல்லியாச்சு. அந்த ரிஜிஸ்டர்காரியும் கேட்டா. அவளிட்டயும் அதுதான் சொன்னேன்."

நான் விழுங்கிய பொய்யை மாமி சொல்லியிருந்தாள். எனக்கு அதைச் சொல்ல உரிமை இருக்கவில்லை. அவளுக்கு இருந்தது.

அன்று மதியம் அஜிதா பேசினாள். இனி அங்குள்ள டாக்டரிடம் சொல்லலாம், ஆனால் எழுதக் கூடாது என்றாள். டாக்டரம்மா நேரடியாகப் பேசினார். அங்குள்ள டாக்டர் எழுதவில்லை. எல்லோருக்கும் கொடுத்த சத்து மாத்திரையை அவளுக்கு மட்டும் மத்தியானத்துக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கும் ஆசைதான். மாமன் பிழைத்து வந்தார், இளைத்துப்போய். அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பல மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அஜிதாவுக்குத் தனித் தட்டு, தனிப் பாய். பிள்ளைகளுக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று காட்டிய பிறகும் பாய் தனியாகத்தான் இருந்தது. அதே மாமிதான் தினமும் எட்டு மணிக்கு டப்பாவை எடுத்து நீட்டினாள். ஒருநாள்கூட விடவில்லை. அன்பா, பயமா என்று என்னைக் கேட்காதீர்கள். விடுதி திறந்த அன்றே அஜிதா பெட்டியைக் கட்டிவிட்டாள். அடுத்த பரிசோதனையில் வைரஸ் கீழேயே இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு அவள் வந்தாள். பதினெட்டு முடிந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறும் நாள். நெய்யாற்றின்கரையில் கணினிப் படிப்பில் சேர்ந்திருந்தாள். எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்தப் பாக்கெட் என் தப்பு மக்கா. என்னாலதான் உன் ரகசியம் போச்சு."

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஓ, உங்க தப்புதான்" என்றாள். பிறகு சிரித்தாள். "எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் சிஸ்டரே. அந்த ஹாலில ரெண்டு நாளாட்டு ஒருத்தர்ட்டயும் நாப்கின் இல்ல. ஆர்க்கு வந்தாலும் பிரிச்சுப் பங்கு வச்சிருப்பாவ. சோப்பு டப்பாவில வச்சு விட்டிருக்கணும். கொரோனா ஹாலில்லா? ஒருத்தருக்க சோப்ப இன்னொருத்தர் தொட மாட்டாவ."

இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்த எனக்கு அது தோன்றவில்லை. கட்டிலில் கிடந்தவளுக்குத் தெரிந்திருந்தது. நான் கேட்கவில்லை.